பதமறிதல்

மக்கள் தம் உள்ளக் கருத்தைப் பிறர்க்குப் புலப்படுத்தும் கருவிகளுள் தலைசிறந்தது மொழி. அம்மொழிக்கு உறுப்பாய் நின்று பொருளை உணர்த்துவது சொல். ஒரு மொழியில் வழங்கும் சொற்களுள் சில, பொருளால் ஒன்றோடொன்று மிக நெருங்கியிருக்கும். மேற்போக்காக நோக்குவார்க்கு அவை யாவும் ஒரு பொருளையே குறிப்பன போலத் தோன்றும். ஊன்றி நோக்கினால், அவற்றிடையே நுண்ணிய வேறுபாடு உண்டு என்பது விளங்கும். அவ்வேறுபாட்டை அறிந்து, இடத்திற்கு ஏற்ற சொல்லைத் தேர்ந்து வழங்குவதே மொழியறிவின் பயன் ஆகும்.

தாய்மொழிச் சொற்களின் வேறுபாடு பழக்கத்தால் தானே அமைந்துவிடுகிறது. வாழைப்பழத்திற்குத் தோல், மரத்திற்குப் பட்டை, நெல்லுக்கு உமி, முட்டைக்கு ஓடு, தேங்காய்க்கு மட்டை என்று தமிழ்ச் சிறுவரும் தடுமாற்றமின்றிக் கூறுவர். பாம்பு உரிப்பதைச் சட்டை என்பரேயன்றிப் பட்டை என்னார். இவை யாவும் உள்ளிருப்பதைப் போர்த்துக் காக்கும் புறவுறைகளே. எனினும் ஒவ்வொன்றிற்கும் தனிப்பெயர் உண்டு. விலங்குகளின் இளமைப் பெயர்களுள் இன்ன பெயர் இன்ன விலங்கிற்கு உரியது என்று தொல்காப்பியத்தின் மரபியல் வகுத்துரைக்கிறது. பசுவின் இளமையைக் கன்று என்று கூறும் மரபு இன்றளவும் மாறவில்லை.

பிறமொழியைக் கற்கும்போதுதான் இடர் தோன்றுகிறது. ஆங்கிலம் பயிலும் தமிழ் மாணவர், அகராதியில் ‘ஸ்கின்’ என்பதற்குத் தோல் என்னும் பொருளைக் காண்பர். ‘பீல்’ என்பதற்கும், ‘ரைண்ட்’ என்பதற்கும், ‘ஹைட்’ என்பதற்கும், ‘லெதர்’ என்பதற்கும் அதே பொருளைக் காண்பர். ஆயின் உடலைப் போர்த்த தோல் ‘ஸ்கின்’. உரித்தெடுத்த பழத்தோல் ‘பீல்’. தர்ப்பூசணியின் தடித்த தோல் ‘ரைண்ட்’. இவற்றை மாற்றி வழங்கினால் கேட்போர் நகைப்பர். அவ்வளவில் அத்தவறு நின்றுவிடும். ஆனால் ‘ஸ்கின்’, ‘ஹைட்’, ‘லெதர்’ என்பவற்றை மாற்றி வழங்கினால், நகைப்போடு நில்லாது பொருளிழப்பும் நேரும் ஊர்கள் தமிழகத்தின் வட பகுதியில் உள்ளன.

கருநாடக நாட்டில் நந்தி மலைப்பகுதியில் தோன்றும் பாலாறு, ஆந்திர நாட்டின் ஒரு சிறு பகுதியைக் கடந்து தமிழகத்தில் புகுகிறது. அவ்வாறு பாயும் நிலப்பகுதியில் வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு, வேலூர், மேல்விசாரம், இராணிப்பேட்டை முதலிய ஊர்கள் அமைந்துள்ளன. முன்னர் ஒரே வேலூர் மாவட்டத்தில் அடங்கியிருந்த இவ்வூர்கள், 2019-ஆம் ஆண்டு முதல் வேலூர், திருப்பத்தூர், இராணிப்பேட்டை என்னும் மூன்று மாவட்டங்களில் பிரிந்துள்ளன. தோல் பதனிடுதலும் காலணி செய்தலும் இவ்வூர்களின் சிறப்புத் தொழில்கள். இங்குத் தமிழோடு உருதும் தெலுங்கும் செவியில் விழும். எனினும் சரக்கு கடல் கடந்து விற்கப்படுவதால், தொழிற்சொற்களிற் பல ஆங்கிலச் சொற்களாகவே வழங்குகின்றன. எழுத்தறியாத தொழிலாளரும் ‘வெட் புளூ’, ‘கிரஸ்ட்’ என்று கூறுவதை இங்குக் கேட்கலாம்.

இனி, அச்சொற்களுள் முதலாவதாக ‘ஹைட்’, ‘ஸ்கின்’ என்னும் இரண்டையும் நோக்குதல் தகும். மாடு, எருமை, குதிரை போன்ற பெருவிலங்குகளின் தோல் ‘ஹைட்’ எனப்படும். ஆடு, செம்மறி போன்ற சிறுவிலங்குகளின் தோலும், இளங்கன்றின் தோலும் ‘ஸ்கின்’ எனப்படும். பசுவின் கன்று வளர்ந்து மாடாவதற்கு இடைப்பட்ட பருவத்தில் உள்ள தோலுக்குக் ‘கிப்’ என்று தனிப்பெயர் உண்டு. இந்திய மாடுகள் மேலைநாட்டு மாடுகளினும் சிறியன. ஆதலின், சென்னையிலிருந்து சென்ற பதனிட்ட மாட்டுத்தோல்களை இலண்டன் வணிகர் ‘கிழக்கிந்தியக் கிப்’ என்று வழங்கினர். பெருந்தோல் தடிப்பும் வலிவும் உடையது. காலணியின் அடிப்பகுதிக்கும், வார்களுக்கும், சேணத்திற்கும் ஏற்றது. சிறுதோல் மென்மையுடையது, கையுறைக்கும், மேலாடைக்கும், நுண்ணிய காலணிக்கும் ஏற்றது. பயன் வேறாதலின் விலையும் வேறாகும். ஒப்பந்தத் தாளில் ‘ஹைட்’ என்று எழுத வேண்டிய இடத்தில் ‘ஸ்கின்’ என்று எழுதினால், வேண்டாத சரக்கு வந்து சேரும் அன்றோ?

இவ்விரண்டும் பதனிடுவதற்கு முன் உள்ள பச்சைத் தோலின் பெயர்கள். பதனிட்ட பின்னர் அது ‘ஹைட்’ அன்று, ‘லெதர்’ ஆகும். தமிழில் இரு நிலைக்கும் தோல் என்னும் ஒரே சொல் பயின்று வருகிறது. விலங்கினின்று உரித்தெடுக்கப்பட்டது என்னும் பொருளில் ‘உரி’ என்னும் சொல் பழைய இலக்கியங்களில் உண்டு. வழக்கில் அது மறைந்துவிட்டமையால், பச்சைத் தோல், பதனிட்ட தோல் என்று அடைகொடுத்துக் கூற வேண்டியதாயிற்று. சொல் குறைந்த இடத்தில் அடைமொழி துணை நிற்கும் என்பது இதனால் விளங்கும்.

அடுத்து, ‘கியூரிங்’, ‘டானிங்’ என்னும் இரு தொழில்களின் பெயர்கள் நோக்கத் தக்கன. இரண்டும் தோல் கெடாமற் காக்கும் செயல்களே. எனினும் முன்னது சின்னாட் காவல்; பின்னது நெடுநாட் காவல். விலங்கினின்று உரித்த தோல் சில மணி நேரத்திலேயே அழுகத் தொடங்கும். தோலின் பெரும்பகுதி கொல்லாஜன் என்னும் புரதத்தால் ஆயது. நீரும் வெப்பமும் சேர்ந்தவிடத்து நுண்ணுயிர்கள் அதனைத் தின்று பெருகும். ஆதலால் உரித்தவுடன் உப்பிடுவர். தோலின் எடையில் ஏறத்தாழப் பத்தில் நான்கு பங்கு உப்பு இதற்குச் செலவாகும். உப்பு நீரை வெளியேற்றி, நுண்ணுயிர்களின் பெருக்கத்தைத் தடுக்கும். இதுவே ‘கியூரிங்’. மருத்துவர் நோயைக் குணப்படுத்துவதற்கும் ஆங்கிலத்தில் இதே சொல் வழங்கும். ஆனால் தோலுக்கு இது குணப்படுத்துதல் அன்று, கெடுதியைத் தள்ளிப்போடுதலே. உப்பிட்ட தோலை நீரில் ஊறவைத்தால் அது மீண்டும் பச்சைத் தோலாகவே ஆகும்.

‘டானிங்’ என்பது அத்தகையதன்று. ஆவாரம்பட்டை, கடுக்காய் முதலியவற்றின் துவர்ப்பு, தோலின் புரத நாரோடு பிணைந்து அதன் இயல்பையே மாற்றிவிடும். அதன்பின் நீரில் நனைத்தாலும் அது பச்சைத் தோல் ஆகாது; அழுகவும் அழுகாது. 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் அமெரிக்காவில் குரோமிய உப்பினால் பதனிடும் முறை கண்டறியப்பட்டது. பட்டையால் பல வாரம் நடைபெற்ற வேலை, அம்முறையால் சில நாளில் முடிவதாயிற்று. தமிழில் இத்தொழிலுக்கு அமைந்த பெயர் பதனிடுதல் என்பது. பதன் என்பது பதம் என்பதன் மற்றொரு வடிவம். சோறு பதமாக வெந்தது, பாகு பதத்திற்கு வந்தது என்னும் வழக்குகளில் பதம் என்பது ஏற்ற பக்குவத்தைக் குறிக்கும். இவ்வகையில் தமிழ்ச் சொல், செயலின் பயனையே பெயராகக் கொண்டு விளங்குகிறது.

பதனிடும் தொழிலிலும் பல படிகள் உண்டு. படிதோறும் பெயர் மாறும். குரோமியத்தால் பதனிட்ட ஈரத் தோல் நீலநிறம் கொண்டிருக்கும். அது ‘வெட் புளூ’. அதனை மீண்டும் பதனிட்டு, சாயமும் எண்ணெயும் ஏற்றி உலர்த்தியது ‘கிரஸ்ட்’. வீட்டுவழக்கில் ‘கிரஸ்ட்’ என்பது ரொட்டியின் மேலோட்டைக் குறிக்கும். தோல் வணிகத்திலோ இறுதி மெருகு பெறாத தோலைக் குறிக்கும். மேற்பூச்சும் மெருகும் பெற்றுப் பொருள் செய்தற்கு முற்றிலும் ஆயத்தமானது ‘பினிஷ்டு லெதர்’, அதாவது முழுமைபெற்ற தோல். அதற்கு முன்னைய நிலைகள் ‘செமி-பினிஷ்டு’, அதாவது அரைகுறையாய் முடிந்தவை எனப்பட்டன. பட்டையால் பதனிட்டு மேலைநாட்டிற்கு அனுப்பப்பட்ட கிழக்கிந்தியத் தோலும் இவ்வகையினதே.

‘செமி’ என்னும் ஈரெழுத்து முன்னொட்டு, ஒரு நாட்டின் பொருளாதாரத்தைத் தொட்ட வரலாறு அறியத் தக்கது. நெடுங்காலம் இந்தியா அரைகுறைத் தோலையே மிகுதியாக ஏற்றுமதி செய்தது. அதனை வாங்கிய நாடுகள் மெருகேற்றி, காலணியும் பையும் செய்து, பன்மடங்கு விலைக்கு விற்றன. உழைப்பின் முதற்பகுதி ஈண்டும், ஊதியத்தின் பெரும்பகுதி ஆண்டும் அமைந்தன. இந்நிலையை ஆராய்ந்த சீதாராமையா குழு 1972-ஆம் ஆண்டு தன் பரிந்துரையை வழங்கியது. அதனைத் தழுவி, 1973-ஆம் ஆண்டு முதல் அரைகுறைத் தோலின் ஏற்றுமதிக்கு அளவும் வரியும் விதிக்கப்பட்டன. முழுமைபெற்ற தோலும், தோற்பொருள்களும் செய்யும் தொழில்கள் அதன்பின் ஓங்கின. ஆம்பூரில் காலணித் தொழில் பெருகியதற்கு இக்கொள்கையும் ஒரு காரணம் ஆகும்.

ஆயின் எது அரைகுறை, எது முழுமை என்று வரையறுக்க வேண்டிய தேவை உடனே எழுந்தது. ஒரு சொல்லின் எல்லை எங்கே முடிகிறது என்பதைப் பொறுத்துச் சரக்கு கப்பலேறுவதும், துறைமுகத்தில் நின்றுவிடுவதும் அமைந்தன. சென்னை அடையாற்றில் 1948-ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற மத்தியத் தோல் ஆராய்ச்சி நிலையம் தோலைச் சோதித்துச் சான்றளிக்கும் முறையும் ஏற்பட்டது. பல்லாண்டுகள் நிலவிய இக்கட்டாயச் சோதனை 2025-ஆம் ஆண்டு நீக்கப்பட்டது. அவ்வாண்டின் மத்திய அரசு வரவுசெலவுத் திட்டம், ‘வெட் புளூ’ தோலின் இறக்குமதிக்கு அடிப்படைச் சுங்கவரியையும், ‘கிரஸ்ட்’ தோலின் ஏற்றுமதிக்கு இருந்த 20 விழுக்காட்டு வரியையும் விலக்கியது. நாடாளுமன்றத்தில் படிக்கப்பட்ட உரையில் இவ்விரு தொழிற்சொற்களும் இடம்பெற்றன. அவற்றின் பொருளை அறியாதார்க்கு அவ்வறிவிப்பு வெறும் ஒலியே. ஆம்பூரில் தோல் வாங்கி விற்பார்க்கோ அது வாழ்வின் செய்தி.

காலணியின் பெயர்களிலும் இத்தகைய வேறுபாடு உண்டு. தமிழில் செருப்பு என்பது பெரும்பாலும் தோலால் ஆயது. பாதக்குறடு என்பது மரத்தால் ஆயது. ஆங்கிலத்தில், கணுக்காலுக்குக் கீழ் நின்று பாதத்தை மூடுவது ‘ஷூ’. கணுக்காலையும் மூடி மேலெழுவது ‘பூட்’. பாதம் தோன்ற வார்களால் கட்டப்படுவது ‘ஸாண்டல்’. ‘அப்பர்’ என்பது பொதுவழக்கில் மேலே உள்ளது என்று மட்டும் பொருள்படும். காலணித் தொழிலில் அது அடிப்பகுதி நீங்கலாக உள்ள மேற்பகுதியைக் குறிக்கும். ஆம்பூர்த் தொழிற்சாலைகள் முழுக் காலணியையும் செய்கின்றன. ‘அப்பர்’ மட்டும் தைத்து அனுப்புவதும் உண்டு.

காலணி வாங்குவோரும் சொல்லால் ஏமாறுதல் கூடும். ‘லெதர்’ என்பது தோல். ‘லெதரெட்’ என்பது தோல் போலத் தோன்றும் செயற்கைப் பொருள். ஈற்றில் நிற்கும் ஒரு சிறு விகுதி, மெய்யைப் போலியினின்று பிரிக்கிறது. ஐரோப்பிய ஒன்றியம் 1994-ஆம் ஆண்டில், காலணிகளில் பயன்பட்ட பொருளைக் குறிப்பதற்குச் சொல்லோடு படக்குறிகளையும் வகுத்தது. விரித்த தோலின் வடிவம் தோலையும், சாய்சதுரம் பிற பொருள்களையும் குறிக்கும். தோலின் மேல் உள்ள பூச்சு 0.15 மில்லிமீட்டருக்கு மிகுந்து, மொத்தத் தடிப்பில் மூன்றில் ஒரு பங்கிற்கு மேற்படாதிருந்தால், அதற்குத் தனிக்குறி உண்டு; அதனை வெறுந்தோல் என்று கூறுதல் ஆகாது. மெய்யுரைத்தற்கு எத்துணை நுண்ணிய அளவு வேண்டப்படுகிறது என்பது இதனால் புலனாகும்.

விலையிலும் மிக்கது உயிர். அதனைத் தொடும் சொல்லிணை ஒன்றும் இத்தொழிலில் உண்டு. தோல் துண்டுகளை ஒட்டுதற்குப் பசையும், பசையை இளக்குதற்குக் கரைப்பானும் தொழிற்சாலைகளில் பயன்படுகின்றன. அவற்றிற் பல எளிதில் ஆவியாகித் தீப்பற்றுவன. அக்கலங்களின் மேல் சில இடங்களில் ‘பிளேமபிள்’ என்றும், சில இடங்களில் ‘இன்பிளேமபிள்’ என்றும் எழுதப்பட்டிருக்கும். ஆங்கிலத்தில் ‘இன்’ என்னும் முன்னொட்டு பெரும்பாலும் எதிர்மறையைக் குறிக்கும். ‘கரெக்ட்’ என்பது சரியானது, ‘இன்கரெக்ட்’ என்பது சரியல்லாதது. இவ்விதியை மட்டும் கற்ற ஒருவர், ‘இன்பிளேமபிள்’ என்பதற்குத் தீப்பற்றாதது என்று பொருள் கொள்ளக்கூடும். உண்மையில் இரண்டும் தீப்பற்றும் என்றே பொருள்படும். தீமூட்டுதல் என்னும் பொருளுடைய இலத்தீன் சொல்லினின்று பிறந்தமையால், இங்கு ‘இன்’ என்பது எதிர்மறை அன்று. இம்மயக்கத்தால் விளையும் தீங்கை உணர்ந்த தீத்தடுப்பு வல்லுநர், 20-ஆம் நூற்றாண்டில் ‘பிளேமபிள்’ என்னும் சொல்லையே வழங்குமாறு வற்புறுத்தினர். வேறுபட்டன போலத் தோன்றும் சொற்கள் ஒருபொருள் குறித்தலும் உண்டு என்பதற்கு இது சான்று.

நீரைப் பற்றிய சொற்கள் இவற்றினும் இன்றியமையாதன. ‘கிளியர்’ என்பது தெளிந்தது. ‘கிளீன்’ என்பது தூயது. ஒலியாலும் பொருளாலும் நெருங்கிய இவ்விரு சொற்களையும் ஒன்றாக எண்ணுவார் பலர். கலங்கிய நீரைக் கண் காட்டிக்கொடுக்கும். நீரில் கரைந்த உப்பையோ கண் காட்டாது. உப்பிட்ட தோலைத் தொழிற்சாலையில் முதன்முதல் ஊறவைக்கும்போது, அதில் உள்ள உப்பு நீரில் இறங்குகிறது. சேறும் மயிரும் நீங்கித் தெளிந்த பின்னரும் அவ்வுப்பு நீரிலேயே நிற்கும். அந்நீர் நிலத்தில் விடப்படின் மணலினூடே இறங்கிக் கிணறுகளைச் சேரும். கிணற்று நீர் தெளிந்திருக்கும்; ஆயினும் பயிர் வாடும், குடிப்போர்க்கு ஒவ்வாது.

‘டிரீட்டட்’, அதாவது சுத்திகரிக்கப்பட்டது, என்னும் சொல்லும் இவ்வாறே ஆராயத் தக்கது. சுத்திகரித்த நீர் யாவும் குடிநீர் அன்று. வெளியேற்றப்படும் கழிவுநீரில் கரைந்துள்ள திடப்பொருள், ஒரு லிட்டருக்கு 2,100 மில்லிகிராமுக்கு மேற்படலாகாது என்பது தமிழகத்தில் வகுக்கப்பட்ட அளவு. குடிநீருக்கு இந்தியத் தரநிலை ஏற்கும் அளவோ 500 மில்லிகிராம். வேறு நீர் கிடையாதவிடத்து மட்டும் 2,000 வரை பொறுக்கப்படும். எனவே கழிவுநீருக்குரிய தரத்தை எய்திய நீரும், குடிநீரின் தரத்திற்கு நெடுந்தொலைவில் நிற்கக்கூடும். 1990-களில் இவ்வட்டாரத்தில் பல ஆலைகளுக்குப் பொதுவான கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையங்கள் எழுந்தன. அவை முதலில் கரைந்த உப்பை நீக்கும் வகையில் அமையவில்லை. பின்னரே சவ்வுகளின் வழியே நீரைச் செலுத்தி உப்பைப் பிரிக்கும் முறை சேர்க்கப்பட்டது. சுத்திகரித்தல் என்னும் சொல்லைக் கேட்டவுடன் அமைதியுறாது, எதனை நீக்கிச் சுத்திகரித்தது என்று வினவுதல் அறிவுடைமை.

குரோமியம் என்னும் பெயரும் அத்தகையதே. பதனிடுதற்குப் பயன்படுவது மூவிணைதிறக் குரோமியம். அறுவிணைதிறக் குரோமியம் புற்றுநோயை விளைக்கும் நஞ்சு. இரண்டையும் குரோமியம் என்னும் ஒரே பெயரால் சுட்டினால், அஞ்ச வேண்டாததற்கு அஞ்சுதலும், அஞ்ச வேண்டியதற்கு அஞ்சாமையும் நேரும். முன்னதும் நீரிற் கலப்பதற்கு உரியதன்று. எனினும் இரண்டின் தீமையும் ஓரளவின அல்ல.

இந்நீர்க்கேடு நீதிமன்றம் சென்றபோது, வேறு சில சொற்களின் வேறுபாடும் நாடறிய விளங்கிற்று. வேலூர்க் குடிமக்கள் நல மன்றம் 1991-ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தது. 1996-ஆம் ஆண்டு ஆகஸ்டு 28-ஆம் நாள் நீதிபதி குல்தீப் சிங் முதலிய மூவர் தீர்ப்பளித்தனர். தோல் தொழிற்சாலைகள் உள்ள வட்டாரத்தில் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுமையாகவோ பயிருக்குத் தகுதியற்றதாயிற்று என்னும் ஆய்வுச் செய்தி அத்தீர்ப்பில் இடம்பெற்றது. மாசு செய்தவரே அதற்குரிய செலவை ஏற்றல் வேண்டும் என்னும் கொள்கையும், தீங்கு வருமுன் காத்தல் வேண்டும் என்னும் கொள்கையும் இந்நாட்டுச் சட்டத்தின் பகுதிகளே என்று நீதிமன்றம் உறுதிசெய்தது.

அத்தீர்ப்பில் ‘பைன்’, ‘காம்பன்சேஷன்’ என்னும் இரு சொற்கள் தனித்தனியே ஆளப்பட்டன. முன்னது அபராதம், பின்னது இழப்பீடு. இரண்டும் பணம் செலுத்துதலே எனினும் இரண்டும் ஒன்றல்ல. அபராதம் குற்றத்தை நோக்குவது; ஐந்து மாவட்டங்களில் இருந்த ஒவ்வொரு தோல் தொழிற்சாலையும் 10,000 ரூபாய் அபராதம் செலுத்துமாறு ஆணை பிறந்தது. பெரியதாயினும் சிறியதாயினும் தொகை ஒன்றே. இழப்பீடு துன்புற்றவரை நோக்குவது. அதன் அளவை அவரவர் இழப்பே வரையறுக்கும். அவ்விழப்பீடும் இரு கூறாக்கப்பட்டது: கெட்ட நிலத்தையும் நீரையும் சீர்செய்வதற்கு ஒன்று; இழந்த மக்களுக்கு அளிப்பதற்கு ஒன்று. இவற்றைக் கணக்கிடத் தனி ஆணையம் அமைக்கவும் நீதிமன்றம் கட்டளையிட்டது. அபராதம் கட்டிவிட்டோம், கடன் தீர்ந்தது என்று எவரும் கூறுதற்கு இவ்வேறுபாடு இடம் தரவில்லை.

தமிழில் நிவாரணம் என்றும் ஒரு சொல் வழங்குகிறது. வெள்ளத்தாலும் தீயாலும் துன்புற்றார்க்கு இரங்கி அளிப்பது நிவாரணம். பிறர் செய்த தீங்கினால் இழந்தவர் உரிமையோடு பெறுவது இழப்பீடு. முன்னதனைப் பெறுவோர் நன்றி கூறுவர். பின்னதனைப் பெறுவோர் கணக்குக் கேட்கலாம். கிணறு உவர்த்துப்போன உழவர் ஒருவர், தமக்கு வர வேண்டியது நிவாரணம் அன்று, இழப்பீடு என்று அறிந்திருப்பின், அவர் மனுவின் நடையே மாறிவிடும். அம்மக்களின் வழக்கு நெடிது நடந்தது. 2025-ஆம் ஆண்டு சனவரி 30-ஆம் நாளும் உச்ச நீதிமன்றம், இழப்பீடு பெறாதார்க்கு அதனை வழங்குமாறும், மாசுற்ற சூழலைச் சீர்செய்யுமாறும் ஆணையிட நேர்ந்தது. நீர் கெடுவதற்கும் நீதி கிடைப்பதற்கும் இடையே ஒரு தலைமுறைக்காலம் கழிந்தது.

இதுகாறும் கூறியவற்றால் ஒன்று தெளிவாகும். ஒத்த சொற்களின் வேறுபாட்டை அகராதியின் ஒற்றைச் சொல்லால் மட்டும் அறிதல் இயலாது. அச்சொல் எப்பொருளைக் குறிக்கிறது, அப்பொருளின் எந்நிலையைக் குறிக்கிறது, எத்தொழிலினர் எப்பயன் கருதி அதனை வழங்குகின்றனர் என்னும் மூன்றையும் வினவி அறிதல் வேண்டும். ‘ஹைட்’, ‘ஸ்கின்’ என்பன பொருளால் வேறுபட்டன. ‘வெட் புளூ’, ‘கிரஸ்ட்’ என்பன நிலையால் வேறுபட்டன. அபராதம், இழப்பீடு என்பன பயனால் வேறுபட்டன. இம்மூன்று வினாக்களையும் எழுப்பப் பழகிய மாணவர், எம்மொழிச் சொல்லையும் எளிதில் தம்வயப்படுத்துவர்.

பதம் என்பது பக்குவத்தை மட்டுமன்றிச் சொல்லையும் குறிக்கும். அதுபற்றியே நன்னூலார், சொல்லின் அமைப்பைக் கூறும் இயலுக்குப் பதவியல் என்று பெயரிட்டார். தோலின் பதம் அறியாதவர் கையில் நல்ல தோலும் அழுகிப் பாழாகும். சொல்லின் பதம் அறியாதவர் விலையில் ஏமாறுவர். தீயினருகே விழிப்பின்றி நிற்பர். தமக்குரிய நீதியையும் கேட்டுப் பெறாது விடுவர். பாலாற்றங்கரையில் தோலைத் தடவிப் பார்த்தே அதன் நிலையைக் கூறும் தொழிலாளர், அத்திறனைப் பல்லாண்டுப் பழக்கத்தால் பெறுகின்றனர். அத்தகைய பழக்கத்தைச் சொல்லிலும் கைக்கொள்ளுதல் கல்வி பயில்வார் கடமை ஆகும்.